ஏழாண்டு ஒப்பந்தம்: மகள் கையெழுத்திடலாமா?

கேள்வி (சுருக்கமாக): கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட் நகரிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். அவருடைய 24 வயது மகள் கல்லூரியில் நாடகம் படித்தவர். லாஸ் ஏஞ்சலிஸில் தங்கி, பகலில் காபிக் கடையில் வேலை செய்துகொண்டு மாலையில் சிறிய அரங்குகளில் நடித்து வருகிறார். இப்போது ஒரு ஸ்ட்ரீமிங் தொடரில் முக்கிய வேடத்துக்கான இறுதித் தேர்வுக்கு அழைப்பு வந்திருக்கிறது. ஆனால் தேர்வுக்குப் போகும் முன்பே ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். முதல் சீசன் உறுதி. அதன்பின் நிறுவனம் விரும்பினால் மேலும் ஆறு சீசன்கள். நிறுவனத்தின் அனுமதியில்லாமல் வேறு படத்திலோ தொடரிலோ மேடையிலோ நடிக்கக் கூடாது. படப்பிடிப்பு பெரும்பாலும் ஜார்ஜியா மாநிலத்தில். வழக்கு வந்தால் நியூயார்க் சட்டமே பொருந்தும். நடிகையின் முகத்தையும் குரலையும் கணினியில் உருவாக்கிப் பயன்படுத்தும் உரிமையும் நிறுவனத்துக்கு. இந்த வாய்ப்பை வாங்கித் தந்த மேனேஜர் 20 சதவீதம் கேட்கிறார்.

மகளோ அஞ்சவில்லை. ஒலிவியா டி ஹாவிலண்ட் என்ற பழைய ஹாலிவுட் நடிகையைப் பற்றி அவர் ஒரு தனிநடிப்பு நாடகம் எழுதிக்கொண்டிருக்கிறார். “ஒலிவியா வழக்குப் போட்டு வாங்கித் தந்த சட்டம் இருக்கிறது. பிடிக்காவிட்டால் வெளியே வந்துவிடலாம்” என்கிறார். தாய் கேட்கிறார்: “அந்த நடிகை முதலாளியை எதிர்த்து வழக்காடி வாழ்க்கையைத் தொலைத்தவர் என்று படித்தேன். 101 வயதிலும் கோர்ட்டுக்குப் போனாராம். அவர் கதையை மேடையேற்றினால் அவர் குடும்பத்தார் என் மகள்மீதும் வழக்குப் போடுவார்களா? ஒப்பந்தமும் வேண்டாம், நாடகமும் வேண்டாம் என்று தடுத்துவிடட்டுமா?”

பதில்:

அன்புள்ள அம்மா,

முதலில் ஒரு சிறு விஷயம். உங்கள் மகளுக்கு வயது 24. தடுக்கும் அதிகாரம் சட்டப்படி உங்களிடம் இல்லை; கையெழுத்தும் பொறுப்பும் அவருடையவை. ஆகவே நான் எழுதுவதை அவருக்கும் படிக்கக் கொடுங்கள். தமிழ் வாசிக்க வராது என்றால் நீங்களே வாசித்துக் காட்டுங்கள். பாதி இடங்களில் அவர் முகம் சுளிப்பார், மீதி இடங்களில் நீங்கள் சுளிப்பீர்கள். ஏனென்றால் ஒலிவியாவைப் பற்றி நீங்கள் இருவருமே பாதிதான் சரியாகத் தெரிந்து வைத்திருக்கிறீர்கள்.

இந்த ஒப்பந்தத்தைப் புரிந்துகொள்ள அந்த நடிகையின் வாழ்க்கையைவிட நல்ல வழிகாட்டி எனக்குத் தெரியவில்லை. எனவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஒலிவியா 1916-இல் டோக்கியோவில் ஆங்கிலேயப் பெற்றோருக்குப் பிறந்தவர். 1919-இல் தாயும் இரண்டு பெண் குழந்தைகளும் கலிபோர்னியாவுக்கு வந்து, உங்கள் ஊருக்கு அருகிலுள்ள சாரடோகாவில் குடியேறினார்கள். ஆசிரியை ஆக வேண்டும் என்பதுதான் அந்தப் பெண்ணின் திட்டம். மில்ஸ் கல்லூரியில் உதவித்தொகையோடு இடமும் கிடைத்திருந்தது. அதற்குள், உள்ளூர் நாடகக் குழுவில் அவர் நடித்த ஷேக்ஸ்பியர் நாடகம் ஒன்று அவரைப் புகழ்பெற்ற மேடை இயக்குநர் மேக்ஸ் ரைன்ஹார்ட்டிடம் கொண்டு சேர்த்தது. அதே ‘எ மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீம்’ நாடகத்தை ரைன்ஹார்ட் 1934-இல் ஹாலிவுட் பௌல் திறந்தவெளி அரங்கில் பிரம்மாண்டமாக நடத்தினார். அதில் ஹெர்மியா வேடத்துக்கு ஒலிவியா மாற்று நடிகை மட்டுமே. தொடக்க நாளுக்குச் சில நாட்கள் இருக்கையில் அந்த வேடத்துக்குரிய நடிகை விலகினார்; 18 வயதுப் பெண் மேடையேறினார். அந்த நாடகத்தைப் படமாக்கிய வார்னர் பிரதர்ஸ் நிறுவனம் அவரை வாரம் 200 டாலருக்கு ஒப்பந்தம் செய்தது. 1936-இல் அது ஏழாண்டு ஒப்பந்தமாக மாறியது. தொடக்கச் சம்பளம் வாரம் 500 டாலர். பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில் அது பெரிய தொகை. 20 வயதுகூட நிரம்பாத பெண் வேறு என்ன செய்திருப்பார்?

அந்த ஒப்பந்தத்தின் வடிவம் உங்கள் மகளுக்கு வந்திருப்பதைப் போன்றதுதான். 52 வாரம் உறுதி. அதன்பின் ஆறு முறை, ஒவ்வொரு முறையும் 52 வாரம், நீட்டிக்கும் உரிமை நிறுவனத்துக்கு மட்டும். வேண்டாம் என்றால் நிறுவனம் விடலாம். வேண்டாம் என்றாலும் நடிகை விட முடியாது. கொடுத்த வேடத்தை மறுத்தால் சம்பளமில்லாத இடைநீக்கம், அந்த இடைநீக்கக் காலம் ஒப்பந்தத்தின் வாலில் கூடுதலாகச் சேரும் என்று இன்னொரு விதி. மறுக்க மறுக்க ஒப்பந்தம் நீளும்.

வார்னரில் எரோல் ஃப்ளின்னுடன் ‘கேப்டன் ப்ளட்’ (1935), ‘தி அட்வென்ச்சர்ஸ் ஆஃப் ராபின் ஹூட்’ (1938) உட்பட எட்டுப் படங்களில் நடித்தார். பெரும்பாலானவை நல்ல வசூல். ஆனால் கதாநாயகன் வாள் வீசுவான், இவர் அழகாக நிற்பார். ‘கான் வித் த விண்ட்’ படத்தின் மெலனி வேடம் வேறு தயாரிப்பாளருடையது. அதற்கு இவரை அனுப்ப நிறுவனத் தலைவர் ஜாக் வார்னர் மறுத்தார். ஒலிவியா என்ன செய்தார் தெரியுமா? வார்னரின் மனைவி ஆனைத் தேநீருக்கு அழைத்துப் பேசி, அவர் வழியாகக் கணவரின் மனத்தை மாற்றினார். அந்த வேடம்தான் அவருக்கு முதல் ஆஸ்கர் பரிந்துரையை வாங்கித் தந்தது. இரண்டாவது பரிந்துரை 1941-இல் வெளிவந்த ‘ஹோல்ட் பேக் த டான்’ படத்துக்கு. அதுவும் பாரமவுண்ட் நிறுவனத்துக்கு இரவலாக அனுப்பப்பட்டு நடித்த படம். (அந்த ஆண்டு விருதை வாங்கியது அவருடைய சொந்தத் தங்கை ஜோன் ஃபான்டெய்ன். பத்திரிகைகள் அதற்குப் பின் பல ஆண்டுகள் அக்கா தங்கைச் சண்டையை எழுதியே பிழைத்தன.)

இங்கே சற்று நில்லுங்கள். ஒலிவியாவுக்கு வாழ்நாளில் ஐந்து ஆஸ்கர் பரிந்துரைகள். அவற்றில் இரண்டு விருதாயின. அந்த ஐந்தில் ஒன்றுகூட அவரை ஏழாண்டு கட்டிவைத்திருந்த வார்னரின் படத்துக்கு வந்ததில்லை. உங்கள் மகளின் ஒப்பந்தத்தில் நான் முதலில் பார்ப்பது ‘ஏழு’ என்ற எண்ணை அல்ல, ‘அனுமதியில்லாமல் வேறெங்கும் நடிக்கக் கூடாது’ என்ற வரியை. அதற்குக் காரணம் இதுதான். மீண்டும் இதற்கு வருகிறேன்.

வழக்கு எதைத் தந்தது, எதைத் தரவில்லை

1943 மே மாதத்தோடு ஏழு ஆண்டுகள் முடிந்தன. இடைநீக்கக் காலம் என்று ஏறக்குறைய ஆறு மாதத்தைச் சேர்த்து, இன்னும் நீ எங்கள் நடிகைதான் என்றது வார்னர். ஒலிவியாவின் வழக்கறிஞர் மார்ட்டின் கேங், கலிபோர்னியாச் சட்டத்தில் யாரும் கண்டுகொள்ளாமல் கிடந்த ஒரு பிரிவைக் கையில் எடுத்தார். தனிப்பட்ட உழைப்பைத் தருவதற்கான ஒப்பந்தத்தை ஏழு ஆண்டுகளுக்கு மேல் ஒரு தொழிலாளிமீது செயல்படுத்த முடியாது என்கிறது அந்தப் பிரிவு. இன்று அது தொழிலாளர் சட்டத்தின் 2855-ஆம் பிரிவு. அந்த ஆண்டு ஆகஸ்டில் வழக்குப் போட்டார்கள். ஏழு ஆண்டு என்றால் உண்மையில் வேலை செய்த ஏழு ஆண்டு என்று வார்னர் வாதிட்டது. நாட்காட்டி ஆண்டுதான் என்றது நீதிமன்றம். 1944 டிசம்பர் 8-ஆம் தேதி மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. தொழிலாளியே சம்மதித்து இந்தப் பாதுகாப்பை விட்டுக்கொடுத்திருந்தாலும் அது செல்லாது, இது பொதுநலனுக்கான சட்டம் என்பதும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது.

இனி உங்கள் மகள் கவனிக்க வேண்டியது. ஒலிவியா ஏழு ஆண்டுகளையும் முழுதாகக் கழித்துவிட்டுத்தான் வழக்குப் போட்டார். நடுவில் வெளியேற இந்தச் சட்டம் அன்றும் உதவவில்லை, இன்றும் உதவாது. நடுவில் வெளியேறப் பார்த்தவர் அவருடைய அதே நிறுவனத் தோழி பெட்டி டேவிஸ். 1936-இல், ஒப்பந்தம் இன்னும் பல ஆண்டு பாக்கியிருக்கும்போதே, இங்கிலாந்தில் வேறு நிறுவனத்துக்குப் படம் நடிக்கப் போனார். வார்னர் லண்டனிலேயே வழக்குப் போட்டு அவருக்குத் தடை வாங்கியது. டேவிஸ் தோற்றுத் திரும்பிவந்து அதே வார்னரில்தான் நடித்தார். திறமையிலும் துணிச்சலிலும் அவர் ஒலிவியாவுக்கு இளைத்தவர் அல்லர். கையில் சட்டம் இல்லை, காலமும் இல்லை.

இன்றும் உங்கள் மகளை நடித்தே தீர வேண்டும் என்று எந்த நீதிமன்றமும் கட்டாயப்படுத்தாது. ஆனால் ஒப்பந்த காலத்துக்குள் வேறு இடத்தில் நடிக்கக் கூடாது என்று கலிபோர்னியா நீதிமன்றம் தடை போட முடியும். அதற்கு நிறுவனம் ஒரு குறைந்தபட்சச் சம்பளத்தை உறுதி செய்திருக்க வேண்டும்: முதல் ஆண்டில் 9,000 டாலர், இரண்டாம் ஆண்டில் 12,000, மூன்றாம் ஆண்டிலிருந்து 15,000, நான்காம் ஆண்டு முதல் அதற்கு மேலும் தந்திருக்க வேண்டும். தொலைக்காட்சித் தொடரின் முக்கிய வேடத்துக்கு இந்தத் தொகைகள் ஒரு பொருட்டே இல்லை. ஆகவே, “பிடிக்காவிட்டால் வெளியே வந்துவிடலாம்” என்பது தவறு. வெளியே வரலாம், சும்மா உட்காரலாம். அவ்வளவுதான்.

ஆனால் ஏழு நாட்காட்டி ஆண்டு என்ற உச்சவரம்பு பயனற்றது என்று எண்ணிவிட வேண்டாம். ஸ்ட்ரீமிங் தொடர்களில் இரண்டு சீசன்களுக்கு நடுவே ஒன்றரை ஆண்டு, இரண்டு ஆண்டு இடைவெளி விழுவது இப்போது சாதாரணம். ஏழு சீசன் என்று எழுதியிருந்தாலும் நாட்காட்டி நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும்; ஏழு ஆண்டில் நான்கு சீசன்தான் முடிந்திருந்தாலும் கணக்கு முடிந்தது. ‘மாடர்ன் ஃபேமிலி’ தொடரின் நடிகர்கள் 2012-இல் இந்தச் சட்டத்தை வைத்தே வழக்குத் தொடுத்தார்கள். விரைவிலேயே சம்பள உயர்வோடு சமாதானமும் ஆயிற்று. ஆக, ஒலிவியாவின் வெற்றி இன்றும் பேரம் பேசக் கைகொடுக்கிறது. இதில் ஓர் எச்சரிக்கை: நடுவில் சம்பளத்தை உயர்த்தி ‘புதிய ஒப்பந்தம்’ என்று நீட்டுவார்கள். அப்போது ஏழாண்டுக் கணக்கு புதிதாகத் தொடங்குமா என்பதில் வழக்கறிஞர்களிடையே இன்றும் வாதம் உண்டு. அந்த நாள் வந்தால் மகிழ்ச்சியில் கையெழுத்திட்டுவிடாமல் ஒரு வாரம் அவகாசம் கேட்கட்டும்.

வாழ்க்கையைத் தொலைத்தாரா?

இனி உங்கள் பங்கு, அம்மா. வழக்கு நடந்தபோது இவரை வேலைக்கு எடுக்கக் கூடாது என்று வார்னர் மற்ற நிறுவனங்களுக்குக் கடிதம் அனுப்பியது உண்மை. ஏறத்தாழ இரண்டு ஆண்டு அவர் படப்பிடிப்புக்குப் போகவில்லை என்பதும் உண்மை. உலகப் போர் உச்சத்தில் இருந்த நேரம். அந்தக் காலத்தில் அவர் அலாஸ்காவிலும் பசிபிக் தீவுகளிலும் ராணுவ மருத்துவமனைகளுக்குப் போய்க் காயமடைந்த சிப்பாய்களோடு பொழுதைக் கழித்தார். ஃபிஜியில் நிமோனியா வந்து படுத்தார்.

நீங்கள் படித்த கட்டுரை இந்த இடத்தோடு நின்றுவிட்டது போலும். வழக்கு முடிந்ததும் பாரமவுண்ட் அவரை எடுத்துக்கொண்டது. ‘டு ஈச் ஹிஸ் ஓன்’ (1946) படத்துக்கு முதல் ஆஸ்கர். மனநல மருத்துவமனையில் அடைபட்ட பெண்ணாக நடித்த ‘த ஸ்னேக் பிட்’ (1948) மற்றொரு பரிந்துரையைத் தந்தது. ‘தி ஏரெஸ்’ (1949) இரண்டாவது ஆஸ்கர். இந்த மூன்றும் வார்னர் அவருக்குக் கொடுத்திருக்கவே மாட்டாத வேடங்கள்: முதல் படத்தில் இளம்பெண்ணிலிருந்து நடுவயதுத் தாய்வரை, கடைசிப் படத்தில் தந்தையே அழகில்லாதவள் என்று எள்ளும் மகள். ‘தி ஏரெஸ்’ அவராகத் தேடி எடுத்தது. மேடையில் அந்த நாடகத்தைப் பார்த்துவிட்டு, இயக்குநர் வில்லியம் வைலரிடம் கொண்டுபோனவர் அவர்தான். வழக்குக்கு முன்பு அவரால் அப்படிச் செய்திருக்க முடியாது.

பின்பு அவர் விட்டுவந்த மேடைக்கும் திரும்பினார். 1951-இல் பிராட்வேயில் ஜூலியட்டாக நடித்தார்; விமர்சகர்கள் பெரிதாக ரசிக்கவில்லை. அடுத்த ஆண்டே பெர்னார்ட் ஷாவின் ‘கேண்டிடா’வுடன் வந்தார். 1962-இல் ஹென்றி ஃபோண்டாவுடன் மீண்டும் பிராட்வே. நடுவில் முதல் திருமணம் முறிந்தது, இரண்டாவது திருமணம் அவரைப் பாரிஸுக்குக் கொண்டுபோனது. 1965-இல் கான் திரைப்பட விழாவின் நடுவர் குழுவுக்குத் தலைமை தாங்கிய முதல் பெண் அவர்தான். 2020-இல் 104 வயதில் பாரிஸில் இறந்தார். இதை வாழ்க்கையைத் தொலைத்தவரின் கதை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் உங்கள் அச்சத்தில் ஒரு பகுதி நியாயமானது. வழக்குப் போட்டபோது ஒலிவியா ஏழு ஆண்டு சம்பாதித்த நட்சத்திரம். இரண்டு ஆண்டு வருமானமின்றித் தாங்க அவரால் முடிந்தது. காபிக் கடைச் சம்பளத்தில் வாடகை கட்டும் பெண்ணால் முடியாது. ஆகவே உங்கள் மகள் வழக்கைப் பற்றி யோசிக்க வேண்டியதே இல்லை. கையெழுத்துக்கு முந்தைய சில நாட்களைப் பற்றி யோசிக்கட்டும். அவர் கையில் உள்ள பலம் இப்போதுதான் அதிகம். தேர்வான மறுநாள் அது பாதியாகிவிடும். தேர்வுக்கு முன்பே கையெழுத்து வாங்குவதும் இதற்காகத்தான். இந்தத் துறையின் வழக்கமே அது. உங்கள் மகளிடம் மட்டும் அப்படிக் கேட்கவில்லை. ஆகவே ஏமாற்று வேலையோ என்று பதற வேண்டாம்.

கேட்டுப் பெற வேண்டியவை

வெளியே நடிக்கும் உரிமை. எல்லாவற்றுக்கும் முதல் இடம் இதற்கு. ஏழு ஆண்டை ஐந்தாகக் குறைக்கச் சொல்லிப் போராடாதீர்கள். புதுமுகத்துக்கு அது கிடைக்காது, நிறுவனம் எரிச்சலடையும். அதற்குப் பதிலாக, படப்பிடிப்பு இல்லாத மாதங்களில் மேடை நாடகத்துக்கு அனுமதி தேவையில்லை என்றும், பிற படங்களில் கௌரவ வேடத்தில் நடிக்க அனுமதி மறுக்கப்படக் கூடாது என்றும், தொடரோடு நேரடியாக மோதும் விளம்பரங்களில் மட்டுமே தடை என்றும் எழுதி வாங்குங்கள். இவற்றை ஒத்துக்கொள்ள நிறுவனத்துக்குச் செலவு எதுவும் இல்லை. எனவே பெரும்பாலும் கிடைக்கும். ஒலிவியா ஜாக் வார்னரின் மனைவியைத் தேநீருக்கு அழைக்க வேண்டி வந்த காரணம், அவர் ஒப்பந்தத்தில் இப்படி ஒரு வரி இல்லாததுதான்.

காத்திருக்கும் காலத்துக்குக் கெடு. அடுத்த சீசன் உண்டா இல்லையா என்று நிறுவனம் எந்தத் தேதிக்குள் சொல்ல வேண்டும் என்பது எழுதப்பட வேண்டும். தேதி தாண்டினால் அவர் சுதந்திரமாக வேண்டும், அல்லது காத்திருக்கும் மாதங்களுக்குச் சம்பளம் வர வேண்டும். சும்மா வைத்திருந்தே ஒரு நடிகையின் இளமையைச் செலவழித்துவிட முடியும்.

நியூயார்க் சட்டம் என்ற வரி. இதுதான் நீங்கள் அனுப்பிய குறிப்பில் என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது. நியூயார்க்கில் ஏழாண்டுச் சட்டம் போல் ஒன்று கிடையாது. கலிபோர்னியாவில் முதன்மையாக வாழ்ந்து வேலை செய்யும் தொழிலாளிமீது வேறு மாநிலச் சட்டத்தைத் திணிக்க முடியாது என்று தொழிலாளர் சட்டத்தின் 925-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் அதில் இரண்டு ஓட்டைகள். படப்பிடிப்பு முழுதும் ஜார்ஜியாவில் என்றால் ‘முதன்மையாக வேலை செய்யும் இடம்’ எது என்று நிறுவனம் வாதாடும். மேலும், அந்த விதியைப் பேசி முடிக்கும்போது தொழிலாளிக்குச் சொந்த வழக்கறிஞர் இருந்திருந்தால் அந்தப் பாதுகாப்பே இல்லை. வழக்கறிஞர் வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் ஒரு பக்கம் சொல்லிக்கொண்டிருக்க, வைத்துக்கொண்டால் இந்தக் கவசம் போய்விடும் என்று சட்டம் இன்னொரு பக்கம் சொல்கிறது. வழி ஒன்றுதான்: அந்த வரியையே அடித்துவிட்டுக் கலிபோர்னியாச் சட்டம் என்று எழுதச் செய்ய வேண்டும். இதற்கு மறுத்தால் மற்ற எல்லாவற்றையும் மறுபடி யோசிக்க வேண்டியிருக்கும்.

முகமும் குரலும். ஒலிவியா கனவிலும் காணாத சிக்கல் இது. 2025 ஜனவரி முதல் கலிபோர்னியாவில் ஒரு சட்டம் நடைமுறையில் இருக்கிறது. நடிகர் நேரில் செய்திருக்க வேண்டிய வேலையைக் கணினிப் பிரதியை வைத்துச் செய்துகொள்ளலாம் என்று ஒப்பந்தம் அனுமதித்து, அந்தப் பயன்பாடு எது என்று தெளிவாக விவரிக்காமல் விட்டு, நடிகருக்கு வழக்கறிஞரோ தொழிற்சங்கமோ துணையில்லாமலும் இருந்தால் அந்த விதி செல்லாது. மூன்றும் சேர்ந்திருந்தால் மட்டுமே செல்லாது என்பதைக் கவனியுங்கள். வழக்கறிஞர் இருந்தால் சட்டம் தானாக வந்து காப்பாற்றாது. அவர்தான் வரியைத் திருத்த வேண்டும். இந்தத் தொடர், இந்த வேடம், ஒவ்வொரு முறையும் தனி அனுமதி, தனிச் சம்பளம் என்று சுருக்கி எழுதச் சொல்லுங்கள்.

மேனேஜரைப் பற்றி ஒரு வார்த்தை. கலிபோர்னியாவில் நடிகர்களுக்கு வேலை தேடித் தருபவர் தொழிலாளர் ஆணையரிடம் உரிமம் பெற்ற ஏஜென்டாக இருக்க வேண்டும். தொழிற்சங்க விதிப்படி ஏஜென்டுக்கு 10 சதவீதம்தான். மேனேஜர்களுக்கு உரிமம் தேவையில்லை. ஆனால் உரிமம் இல்லாமல் வேலை வாங்கித் தந்துவிட்டுக் கமிஷன் கேட்டால் அந்தக் கோரிக்கை முழுதாகவோ பகுதியாகவோ செல்லாமல் போகலாம். அவரிடம் சண்டை போடாதீர்கள். உரிமம் இருக்கிறதா என்று மகள் பணிவாகக் கேட்கட்டும். பதில் வரும் வேகத்திலேயே பாதி தெரிந்துவிடும்.

நாடகத்தைப் பற்றி

ஏறக்குறைய 101 வயதில் ஒலிவியா கோர்ட்டுக்குப் போனது நடந்ததுதான். பெட்டி டேவிஸுக்கும் சக நடிகை ஜோன் கிராஃபோர்டுக்கும் இடையிலான பகையை வைத்து 2017-இல் எஃப்எக்ஸ் தொலைக்காட்சி நிறுவனம் ஒரு தொடர் எடுத்தது. அதில் கேத்தரின் ஸீட்டா ஜோன்ஸ் ஒலிவியாவாக நடித்தார். அந்தப் பாத்திரம் தன் தங்கையைப் பற்றிக் கொச்சையாக ஒரு சொல் சொல்வதாகக் காட்சி. அனுமதி கேட்கவில்லை, பேசாததைப் பேசியதாகக் காட்டிவிட்டார்கள் என்று தம் 101-ஆவது பிறந்தநாளுக்கு முதல் நாள் வழக்குத் தொடுத்தார். கீழ்நீதிமன்றம் வழக்கு நடக்கட்டும் என்றது. 2018 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றி வழக்கைத் தள்ளியது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தலையிட மறுத்தது. உண்மை மனிதர்களைப் பற்றிக் கதை சொல்பவர் அவர்களிடம் அனுமதி வாங்கத் தேவையில்லை, எவரும் வரலாற்றுக்குச் சொந்தக்காரர் அல்லர் என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம்.

இளம் வயதில் வென்றுகொடுத்த வழக்கு நடிகர்களுக்குப் பாதுகாப்பு. முதிய வயதில் தோற்ற வழக்கு உங்கள் மகளைப் போன்ற நாடக ஆசிரியர்களுக்குப் பாதுகாப்பு. சொல்லப்போனால் இரண்டுமே உங்கள் மகளுக்குக் கிடைத்த லாபம். இந்த இரண்டாவது வழக்கை நாடகத்தில் அவர் சேர்த்திருக்கிறாரா என்று தெரியவில்லை. விட்டிருந்தால் சேர்க்கச் சொல்வேன். தம்மைப் பற்றி அடுத்தவர் கதை சொல்வதை ஒலிவியா விரும்பவில்லை என்பதை மறைத்துவிட்டு அவர் கதையைச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. இது சட்டக் கருத்து அன்று.

சட்டப்படி இப்போது நிலைமை இன்னும் எளிது. இறந்தவரை அவதூறு செய்ததாக வழக்குப் போட முடியாது. இறந்த பிரபலங்களின் பெயரையும் உருவத்தையும் வணிகத்துக்குப் பயன்படுத்துவதைத் தடுக்கும் கலிபோர்னியாச் சட்டம் 70 ஆண்டு காலப் பாதுகாப்பு தருகிறது. ஆனால் நாடகம் போன்ற கலைப்படைப்புகளுக்கு அதில் விலக்கு உண்டு. அவர் முகத்தை அச்சிட்ட கோப்பைகளையும் பைகளையும் அரங்க வாசலில் விற்காமல் இருந்தால் போதும். இன்னும் உயிரோடு இருக்கும் உறவினர்களைப் பற்றி ஆதாரமில்லாத எதையும் எழுத வேண்டாம். அவதூறு வழக்குப் போடும் உரிமை அவர்களுக்கு உண்டு.

வாழ்க்கைச் சம்பவங்களுக்குப் பதிப்புரிமை கிடையாது. அவற்றைச் சொன்ன வாக்கியங்களுக்கு உண்டு. ஒலிவியா 1962-இல் பாரிஸ் வாழ்க்கையைப் பற்றி எழுதிய புத்தகத்திலிருந்து பத்தி பத்தியாக எடுத்துப் பேசக் கூடாது. படக்காட்சிகளைத் திரையில் ஓட்டுவது, படத்தின் வசனங்களை நீளமாகப் பேசுவது, பத்திரிகைப் புகைப்படங்களைப் பெரிதாக்கிப் பின்னணியில் வைப்பது ஆகியவற்றுக்கு உரிமையாளரின் அனுமதி வேண்டும். 1944 தீர்ப்பு மட்டும் யாருக்கும் சொந்தமில்லை. அதை முழுதாக மேடையில் வாசித்தாலும் கேட்பாரில்லை, பார்ப்பவர்கள் தூங்காமல் இருந்தால் சரி.

இந்த நாடகத்தையும் ஒப்பந்தத்தில் விலக்காக எழுதி வாங்க வேண்டும். ‘கையெழுத்துக்கு முன்பே தொடங்கிய படைப்பு’ என்று தலைப்போடு குறிப்பிட்டு, அதன் உரிமையும் அதில் நடிக்கும் உரிமையும் மகளுக்கே என்று ஒரு வரி. இல்லையென்றால் ஒலிவியாவைப் பற்றிய நாடகத்தில் நடிக்க ஒரு ஸ்டூடியோவிடம் அனுமதி கேட்டு நிற்க வேண்டியிருக்கும்.

என் கருத்தைக் கேட்டால், நியூயார்க் சட்ட வரி நீங்கி, வெளியே நடிக்கும் உரிமை ஓரளவேனும் கிடைத்தால் கையெழுத்திடலாம். அவை இரண்டும் கிடைக்காவிட்டால், வாய்ப்பு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் நான் தயங்குவேன். முழு ஒப்பந்தத்தையும் திரைத்துறை வழக்கறிஞர் ஒருவர் வரிவரியாகப் பார்த்தாக வேண்டும். இத்துறையில் பலரும் முன்பணம் வாங்காமல், வரும் சம்பளத்தில் 5 சதவீதம் என்ற கணக்கில் வேலை செய்வார்கள். ஆகவே பணமில்லை என்பது காரணமாக வேண்டாம். தேர்வு அடுத்த வாரம் என்கிறீர்கள். இன்றே தேடத் தொடங்கட்டும்.

கடைசியாகக் கேட்டிருந்தீர்கள், வழக்கறிஞரைப் பார்க்க நானும் கூடப் போகலாமா என்று. ஊருக்குக் கூடப் போங்கள், காரை நீங்களே ஓட்டுங்கள். அறைக்குள் மட்டும் வேண்டாம். வழக்கறிஞரும் கட்சிக்காரரும் பேசுவது ரகசியம் என்ற பாதுகாப்பு, மூன்றாவது ஆள் உடனிருந்தால் கெடக்கூடும். தாயும் சட்டத்தின் கண்ணில் மூன்றாவது ஆள்தான்.